வடக்கே போன பை

எட்டு வயதில் எனக்குக் காலில் சக்கரம் கட்டியிருந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். ஆனால் அந்த வருடம் எங்களைச் சுற்றி எதுதான் ஓர் இடத்தில் நின்றது? சுங்கைப் பட்டாணிக்கும் குரூணுக்கும் நடுவில், ஒற்றைத் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பழைய மர ஸ்டேசன். அதன் பின்னால் எங்கள் குவாட்டர்ஸ். அப்பாவுக்குத் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. இரட்டைத் தண்டவாளம் போட வந்தவர்கள் ஒரு பக்கம் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். இன்னொரு பக்கம் புது ஸ்டேசனுக்குக் கான்கிரீட் தூண்கள் எழும்பின. லாரி போகும்போதெல்லாம் அடுப்படியில் தட்டுகள் நடுங்கும். வரிசையில் இருந்த ஆறு வீடுகளில் ஐந்து அதற்குள் காலி. நாங்கள் எப்போது போவோம், எங்கே போவோம் என்பது அப்பாவுக்கே தெரியாது. கேட்டால் எரிந்து விழுவார்.

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த ஸ்டேசனுக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமாம். சனி ஞாயிறுகளில் பினாங்கிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். டிக்கெட் கொடுக்கும் சின்ன ஜன்னல், சிக்னல் இழுக்கும் இரும்புக் கைப்பிடிகள், ஒற்றைப் பாதையில் மேலே போக அனுமதியாக ஓட்டுநர் ரயிலிலிருந்தே கையை நீட்டி வாங்கும் டோக்கன் வளையம் என்று ஒன்றையும் விடாமல் படம் பிடித்தார்கள். 'வாரிசான்', 'வாரிசான்' என்று மலாயில் வியந்துகொண்டார்கள். பாரம்பரியச் சொத்து என்று அர்த்தம். அவர்கள் தலையைப் பார்த்ததும் அம்மா ஓடிப்போய்க் கொடியில் கிடக்கும் உள்பாவாடைகளை உருவிக்கொண்டு வருவார்.

எங்களுக்கு ஸ்டேசன் வீட்டின் இன்னோர் அறை, அவ்வளவுதான். பிளாட்பார பெஞ்சில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மழை நாளில் அம்மா பயணிகள் அறையில் துணி காயப்போடுவார். ஸ்டேசன் மாஸ்டர் ஒரு மலாய்க்காரர். மாமா என்பதற்கு மலாயில் சொல்வதுபோல அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம். என் பென்சிலை அவர் மேசையில்தான் சீவுவேன், குப்பையை அவர் அள்ளுவார்.

எங்களோடு அத்தையும் இருந்தார். அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் இறந்த பிறகு எங்களிடம் வந்தவர். காலையில் எனக்குச் சடை பின்னுவதிலிருந்து இரவு கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வரை எல்லாம் அவர் கையில்தான். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஊராருக்கு ரவிக்கை தைப்பார். கோலாலம்பூரில் இருந்த பெரியப்பா அவருக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கோயிலில் வைத்துப் பெண் பார்க்கும் ஏற்பாடு. மூன்றே நாள் பயணம். வெள்ளிக்கிழமை காலை ரயிலேறி, பட்டர்வொர்த்தில் மாறிப் போக வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தெற்கே போகும் ரயில் எங்கள் ஊருக்குப் பதினொரு மணிக்கு வரும். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். அம்மா இதற்கெல்லாம் அசர மாட்டார். ராகுகாலத்தில் பயணம் போக வேண்டியிருந்தால், நல்ல நேரத்திலேயே பையை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். பை புறப்பட்டுவிட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. ஆனால் அன்று பையை வைக்க அடுத்த வீடு ஏது? ஐந்து வீடுகளிலும் பூட்டு. அதனால் அம்மா ஸ்டேசனைத் தேர்ந்தெடுத்தார். அப்பா வேலைக்குப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டுபோய் பாக்சிக் அறை வாசலில் இருந்த பெஞ்சில் வைத்தார். பள்ளி விடுமுறை என்பதால் காவலுக்கு நான்.

"எங்கயும் ஓடக் கூடாது. பையத் தொட்டுக்கிட்டே உக்காந்திரு" என்றார் அம்மா.

ஒரு மணி நேரம் பையைத் தொட்டுக்கொண்டே உட்காருவது எனக்குச் சிறைத்தண்டனை. காலை ஆட்டினேன். தண்டவாளக் கட்டைகளை எண்ணினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்து குடையத் தொடங்கியது. பையை அடுத்தவர் வீட்டில்தானே வைக்க வேண்டும்? ஸ்டேசன் நம் வீடு ஆயிற்றே. நம் துணி காய்கிற இடம், நான் சாப்பிடுகிற பெஞ்சு. அப்படியென்றால் பை இன்னும் வீட்டைவிட்டே புறப்படவில்லை. பாக்சிக் அறைக் கடிகாரத்தில் மணி பத்து இருபது. இன்னும் பத்து நிமிடத்தில் ராகுகாலம். அத்தைக்குக் கெட்டது நடந்துவிடுமே என்று பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வடக்கே அலோர் ஸ்டார் பக்கம் போகும் ரயில் வந்து நின்றது. ரயில்வேக்காரன் பிள்ளைக்கு வடக்கு தெற்கு தெரியாதா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். நன்றாகத் தெரியும். போன தடவை அப்பாவின் பையை அம்மா வடக்குப் பக்கத்து வீட்டில் வைத்தார், அப்பா போனது தெற்கே பினாங்குக்கு. திசை முக்கியமில்லை, புறப்படுவதுதான் முக்கியம். பாக்சிக் டோக்கன் கொடுக்க முன்னால் போயிருந்தார். ரயில் வாசலில் ராணுவ உடையில் ஒரு மலாய் அண்ணன் நின்றார். "அபாங், தோலோங்", அண்ணா உதவுங்கள் என்று பையைக் காட்டினேன். பின்னால் என் வீட்டார் ஏறுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. சிரித்துக்கொண்டே தூக்கி உள்ளே வைத்தார். ரயில் கிளம்பியது. மணி பத்து இருபத்தாறு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பத்தேமுக்காலுக்கு அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். பை எங்கே என்று கேட்டார்கள். பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் கை என் முதுகில் விழுந்த பிறகுதான் விஷயம் நான் நினைத்தபடி இல்லை என்று புரிந்தது. பாக்சிக் ஓடிப்போய் போன் அடித்தார். பையை அலோர் ஸ்டாரில் இறக்கிவிடுவார்கள், சாயங்கால ரயிலில் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம் என்றார்.

அம்மாவுக்குப் பயம் பையைப் பற்றியதே அல்ல. "பை வடக்க போயிருச்சி. ஆளு தெக்க போகலாமா? நல்ல காரியத்துக்குப் போறப்போ இப்படியா ஆகணும் லா?"

"பரவால்ல அண்ணி" என்றார் அத்தை. "நான் இப்படியே போறேன்."

"மாத்துத் துணி கூட இல்லாமயா?"

"கட்டியிருக்கிறது போதும். அங்க பெரியண்ணி புடவ ஒன்னு கட்டிக்கிறேன்."

அம்மா தலையை ஆட்டவே இல்லை. தெற்கே போகும் ரயில் வந்தது. அத்தை எழுந்து பிளாட்பார ஓரம் வரை போனார். "அண்ணி, நான் போறேனே" என்று இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் இரண்டு நிமிடம் நின்றது, போய்விட்டது.

நான் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அழுதேன். அத்தைதான் குனிந்து என்னை வெளியே இழுத்தார். என் மூக்கைத் துடைத்துவிட்டு, "நல்ல வேல செஞ்ச போ" என்று சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். போக இஷ்டமில்லாத அத்தையை நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பல வருடம் அந்தக் கதையை அப்படியேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் இருக்கும்போதுகூட.

மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நாங்கள் பாடாங் செராய்க்குக் குடிவந்தோம், அத்தையும் வந்தார். இப்போது அவரும் நானும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம், ஒரே பேருந்தில் போகிறோம். பழைய ஸ்டேசனின் முகப்பை மட்டும் பெயர்த்துப் புது ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்களாம். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். லீவு இல்லை என்றார் அத்தை.

பாக்சிக் சொன்னபடி அன்று சாயங்காலமே பை வந்துவிட்டது. அத்தை அதை அறைக்குள் தூக்கிப்போய்த் திறந்தார். உதவ நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே இரண்டு புடவை. அதற்குக் கீழே அவருடைய பள்ளிச் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், தையல் கத்தரிக்கோல், அளவு நாடா, போர்வை, மழைக்குப் போடும் செருப்பு, சட்டத்திலிருந்து கழற்றிய தாத்தா பாட்டியின் படம்.

"மூணு நாளைக்கு எதுக்கு அத்த இவ்ளோ சாமான்?"

"எது வேணுமோ தெரியல. எல்லாத்தயும் வச்சிட்டேன்."

அத்தைக்குப் பை அடுக்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு உடுப்பும் ஒரு பிரஷ்ஷும் போதும், அடுத்த தடவை நானே அடுக்கித் தருகிறேன் என்றேன். சரி என்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் அவற்றை முன்பு இருந்த இடங்களிலேயே வைத்தார். படத்தைச் சட்டத்துக்குள் நுழைக்க மட்டும் வெகுநேரம் ஆனது. எனக்கோ வெளியே ஓட வேண்டும், இருட்டுவதற்குள் மண்மேட்டில் ஏறிச் சறுக்க வேண்டும். "சீக்கிரம் அத்த, சீக்கிரம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.