வாயில் குஞ்சு வைத்திருந்த மஞ்சள்காரி

எழுபதுகளின் பிற்பாதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஷிப்டு வேலை. மற்ற ஆண்கள் ஓய்வு நேரத்தில் சீட்டாடினார்கள். இவருக்கு மீன் பைத்தியம். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர், கடையில் மீன் வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிறார் என்றால், நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தவை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியின் மீனாம். விரல் நீளம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ரௌடி. பருப்பு வேகாத எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதுகளுக்கு அமிர்தமாக இருந்தது. ஆண் மீன் கறுப்பு. தொட்டி முழுவதும் தன் பாட்டன் சொத்து என்று அதற்கு நினைப்பு. கூட வந்தவற்றை வாலைக் கிழித்து, கண்ணைக் கொத்தி, ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்தது. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு.

அந்த மஞ்சள்காரி முட்டையிட்டாள். இட்டதை வாயிலேயே அள்ளி வைத்துக்கொண்டாள். அந்த இனமே அப்படித்தானாம். தாடை உப்பியிருந்தது. இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயிறு ஒட்டிப்போய், உடைந்த பூந்தொட்டிக்குள் ஒண்டிக் கிடந்தாள். அந்தக் கறுப்புச் சனியன் அங்கேயும் போய் இடித்தான். மீன் தொட்டி என்றாலே எரிந்து விழுகிற நான், எப்போது அவள் கட்சிக்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளும் பிழைக்க வேண்டும், வாயில் இருப்பதும் பிழைக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. துடைப்பக் குச்சியால் அவனை விரட்டுவேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பினால் மறுபடி ஆரம்பிப்பான்.

தொட்டிக்கு நடுவே தடுப்பு வைக்கக் கண்ணாடி அறுத்து வர, வீட்டுக்காரர் காலையிலேயே பட்டணம் கிளம்பினார்.

"தொட்டுடாதமே. பயந்துச்சின்னா எல்லாத்தையும் துப்பிடும். அவன் துன்னுடுவான். நான் வர்ற வரைக்கும் பாத்துக்கினு இரு."

அன்றைக்கென்று பார்த்து மாமியார் வந்தார், பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி, இறால் கூடையோடு. தொட்டி முன்னால் உட்கார்ந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம கெளுத்தி மாரி சொல்லு" என்றார்.

பழவேற்காட்டு ஏரியில் கெளுத்தியும் முட்டையை வாயில்தான் வைத்திருக்கும். வலையில் வந்ததும் கட்டைவிரலால் தாடையை அமுக்கி, முட்டையைச் சட்டியில் உதிர்த்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.

நான் கிணற்றடிக்குப் போய்க் குடத்தோடு திரும்பினேன். மாமியாரின் கை முழங்கை வரை ஈரம். உள்ளங்கையில் மஞ்சள்காரி. கட்டைவிரல் அவள் தாடையில்.

"ஐயோ அத்த! இன்னா பண்றீங்க!"

"கத்தாதடி. அவன் போட்டு இடிக்கிறான், இது வாய் ரொம்ப முட்டைய வச்சிக்கினு முழிக்குது. வாய காலி பண்ணி வுட்டா திருப்பிக் கடிக்கும்ல?"

அமுக்கிவிட்டார். பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரில் பொலபொலவென்று விழுந்தன. முட்டை இல்லை. குஞ்சுகள். கடுகுக்கு வால் முளைத்தாற்போலத் துடித்தன. மாமியார் முகம் செத்துப்போனது. "குஞ்சாயிடுச்சா?" என்றவர், நான் தடுப்பதற்குள் பதறிப்போய்த் தாயைத் தொட்டியில் விட்டுவிட்டார்.

மஞ்சள்காரி யாரையும் கடிக்கவில்லை. நேராகத் தரைக்குப் போனாள். ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்தாள், துப்பினாள். அடுத்ததை எடுத்தாள். பூந்தொட்டிக்குள் போய்த் தேடினாள், வெளியே வந்து தேடினாள். கறுப்பன் பக்கவாட்டில் பாய்ந்து இடித்தான். செதில் பெயர்ந்து மிதந்தது. அவள் ஓடவில்லை, ஒளியவுமில்லை. அடுத்த கல்லை எடுத்தாள்.

"அடிப்பாவி, புள்ளய தேடுதுடி!"

மாமியார் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டார். துள்ளுகிற மீனைக் கூடை கூடையாகப் பிடித்துப் போட்ட கை, கறுப்பன் எங்கே தப்புவான்? அவனைப் பக்கெட்டில் போட்டுத் தட்டால் மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்.

நான் சொம்பை எடுத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டினி கெடந்த வயிறுடி. துன்னுடுச்சின்னா?"

எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவள் கல் பொறுக்குவதை இனி ஒரு நிமிஷம் பார்க்க என்னால் ஆகாது. சொம்பைச் சாய்த்தேன்.

குஞ்சுகள் சிதறி இறங்கின. மஞ்சள்காரி திரும்பினாள். ஒன்றை வாய்க்குள் இழுத்தாள். இன்னொன்றை இழுத்தாள்.

"துன்னுதுடி! எடுடி, எடு!"

நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மெல்லவில்லை. தாடை உப்பிக்கொண்டே வந்தது. "இல்ல அத்த, வச்சிக்கிது" என்றேன். கடைசிக் குஞ்சு ஒன்று மூலையில் ஒதுங்கியிருந்தது. அதையும் தேடிப் போய் வாங்கிக்கொண்டாள்.

என் மாமியார் பிறவியிலேயே யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாதவர். நான் மருமகளாகி வந்து பட்ட பாட்டுக்கு நானே சாட்சி. அவர் தொட்டி முன்னால் மண்டியிட்டு, தண்ணீர் சொட்டுகிற இரண்டு கையையும் குவித்தார்.

"தெரியாம பண்ட்டேன் தாயே" என்றார் அந்த விரல் நீள மீனிடம்.