சூட்டுப் பெட்டியை நிறுத்திய நாள்

ஆயிரம் மணித்தியாலம் அணையாமல் எரிந்தால் அது நல்ல திரை. தொண்ணூறுகளின் நடுவில், நாடு விட்டு வந்து பென்ரோஸில் நான் வேலை பார்த்த சின்னத் தொழிற்சாலையில் அதுதான் வேதவாக்கு. கடல் எவ்வளவு ஆழம் என்று மீன்பிடிப் படகுகளில் சிவப்பு எண்களில் காட்டும் திரைகளை அங்கே செய்தோம். வெயிலில் எண் தெரியவில்லை என்று படகுக்காரர்கள் திட்டினார்கள். வெளிச்சத்தைக் கூட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

கூட்டுவது பெரிய வித்தையில்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடும். கூடவே சூடும் கூடி, திரைக்குள் இருக்கும் குட்டி விளக்குகள் சீக்கிரம் மங்கிச் செத்துப்போகும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரையின் முதுகில் ஓர் அலுமினியத் தகட்டை இறுக்கி ஒட்டினால் சூடு அதன் வழியே வெளியேறிவிடும். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. அலுமாரி அளவான சூட்டுப் பெட்டிக்குள் இருபத்து நாலு திரைகளை வைத்து எரியவிட்டோம். ஆயிரம் மணித்தியாலம் என்றால் ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள். தாண்டிவிட்டால் படகுக்காரர்களிடமிருந்து பெரிய ஓடர் வரும், உனக்கு நிரந்தர வேலைக் கடிதம் தருவேன் என்றார் முதலாளி. அந்தக் கடிதம் இருந்தால்தான் என் மனைவிக்கும் ஆறு வயது மகளுக்கும் விசா. இரண்டு வருடமாக அவர்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்குப் பசியும் இல்லை, கோபமும் இல்லை. மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் என் வாடகை அறையில் எழும்புவேன், பஸ் ஏறுவேன், திரைக்கு முன்னால் லைட் மீட்டரைப் பிடித்து எண்ணை எழுதுவேன், திரும்புவேன். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்று தலையாட்டுவேன். மாட்டுக்குக்கூட அதைவிட ரோஷம் இருக்கும்.

திரைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற அக்கா கோயம்புத்தூர்க்காரி, லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகள். ஐந்தாவது கிழமை ஒருநாள் என் மேசைக்கு வந்து, "தம்பி, நாளைக்கு ஆயுத பூஜைங்க. மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, ஓட்டாம வெச்சுடலாங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, வையுங்கோ" என்றேன். அவர் கேட்டது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் விசாப் பத்திரங்களோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். முதலாளி படகுத்துறைக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் தொழிற்சாலை சத்தமில்லாமல் கிடந்தது. சூட்டுப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. கதவில் சந்தனம், குங்குமம். அடியில் ஓர் எலுமிச்சம்பழம். பொரி கிடைக்காததால் அக்கா, டெய்ரி என்கிற மூலைக்கடையில் காலைச் சாப்பாட்டுக்கு விற்கும் அரிசிப்பொரிப் பெட்டியை வாங்கி, தட்டில் கொட்டி வைத்திருந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். பெட்டி ஆறிப்போயிருந்தது.

"ஐயோ அக்கா, என்ன வேலை செய்தனீங்கள்? இதை நிப்பாட்டக்கூடாது!"

"நேத்து கேட்டனுங்களே தம்பி, நீங்கதான் சரின்னீங்க. எங்கப்பா பட்டறையில இன்னைக்கு ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டாங்க. வருஷத்துல ஒரு நாள் அதுகளுக்கும் ரெஸ்ட் வேணாமுங்களா?"

எங்கள் வீட்டிலும் சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தைக் கட்டிவைத்தால் பரீட்சையே வந்தாலும் திறக்கமாட்டோம். பிழை என்னுடையது. சுவிட்சைப் போட்டேன்.

ஏழு திரைகள் எரியவேயில்லை. நாலில் எண்கள் அரைகுறையாக வந்தன, எட்டு மூன்றாகத் தெரிந்தது. ஒன்றைக் கழற்றி உருப்பெருக்கிக்குள் வைத்துப் பார்த்தேன். விளக்குகளைப் பலகையோடு பிடித்திருந்த ஈயப் புள்ளிகள் வெடித்திருந்தன. சூட்டில் விரிந்த என் தகடு, ஆறியதும் சுருங்கியிருக்கிறது. அதோடு ஒட்டியிருந்த மின்சுற்றுப் பலகையால் அவ்வளவு சுருங்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஈயம்தான் உடைந்தது. எந்தப் படகுக்காரன் ஆறு கிழமை அணைக்காமல் எரியவிடுகிறான்? விடியப் போடுவான், பின்னேரம் அணைப்பான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என் கண்டுபிடிப்பு.

அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஒரு மணி நேரம் குடுங்க. அத்தனையும் திரும்பப் பத்த வெச்சுடறேன். இன்னும் ஒம்பது நாளுதானுங்களே? ஒருத்தருக்கும் தெரியாது. உங்க சம்சாரமும் புள்ளையும் வரணுமில்லீங்க?"

அவரால் முடியும், எனக்குத் தெரியும். அவர் கை அவ்வளவு சுத்தம். நான் கதிரையில் இருந்தேன். முதலாளி வரும்வரை இருந்தேன். அவர் வந்ததும் எரியாத ஏழு திரைகளையும் காட்டி, பெட்டியை நிறுத்தியது நான் என்றும் தகடு பிழை என்றும் சொன்னேன்.

அவர் ஒரு திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைக் குலுக்கி, நீ நேர்மையான ஆள் என்றார். ஓடர் தள்ளிப்போனது. தகட்டை மாற்றவேண்டும், அணைத்து அணைத்துப் போட்டுச் சோதிக்கவேண்டும், கடிதத்தை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குக் கிறுக்குத்தானுங்க" என்று என்னை ஏசினார்.

நேர்மையாம், மண்ணாங்கட்டி! ஆழம் பிழையாகத் தெரிந்து தரைதட்டக்கூடிய அந்தப் படகுகளை நான் நினைக்கவேயில்லை. பொய் சொல்வதென்றாலும் ஒன்றை வேண்டும் என்று நினைக்கிற தெம்பு வேண்டும். அன்று என்னிடம் அது இல்லை. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அக்கா திரும்பப் பற்றவைக்கிறேன் என்று கேட்டதையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒண்டு கேக்கிறன். நாங்கள் அங்க வரவேணும் எண்டு உங்களுக்கு இருக்கா?"

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இருக்கு" என்றேன்.

"இவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியிருக்கு, என்ன? சரி. அதைப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ" என்று ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

மகளுடைய மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் முதல்தடவையாக நான் அழுதேன். அப்பா அழுகிறார் என்று அவள் தாயிடம் சொல்வது கேட்டது.

அவர்கள் வந்து சேர இன்னும் பதினாலு மாதம் பிடித்தது. விமான நிலையத்தில் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் முளைத்து முடிந்திருந்தது.