ப்ரன்வெக்கா, இஸ்மாரோவா

மெர்வ் டிராப்ஷ், எங்கள் வயாலா ஊர் இரும்பாலையில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போன பிறகு திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு எங்கள் டயாலிசிஸ் அறைக்கு வந்து ஜன்னல் பக்க நாற்காலியில் சாய்வார். நான் அவர் கையில் இரண்டு ஊசி குத்துவேன். நாலரை மணி நேரம் ரத்தம் வெளியே போய் சுத்தமாகித் திரும்பும். அதுவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிஷின் ஓடத் தொடங்கியதும் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மறு கையால் விரிப்பார். அட்டையில் வாளோடு ஒருத்தன் நிற்பான்.

அவர் பேசாத மனிதர் என்றுதான் முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்கு வூலா கொட்சாரிஸ் வந்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது.

வூலாவுக்கு என் வயதுதான், ஐம்பதைத் தொடவில்லை. மீன் வறுவல் கடை வைத்திருந்தவள். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, கூட்டமில்லாத நேரமெல்லாம் மாயாஜாலக் கதைகளாகப் படித்துத் தீர்த்தவள். வந்த இரண்டாம் நாளே மெர்வின் புத்தக அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ப்ரன்வெக் கதையா? பாவம்."

"என்ன பாவம்?"

"எங்க இஸ்மாரோ முன்னாடி அவன் ரெண்டு நிமிஷம் தாங்கமாட்டான்."

மெர்வ் புத்தகத்தை மூடி வயிற்றின் மேல் வைத்தார். "இஸ்மாரோவா? அந்த வாயாடிப் பயலா?" என்றார். அன்றைக்கு நாலரை மணி நேரமும் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ப்ரன்வெக் மலையிரும்பில் அடித்த வாளைச் சுமந்து திரியும் பெரிய உடம்புக்காரன். பதினோரு புத்தகத்தில் ஓரடிகூடப் பின்வாங்கியதில்லை. இஸ்மாரோ ஒல்லி, இடதுகைக்காரன். அவன் வாளுக்கு நிழல் விழாது. ஓயாமல் பேசி, எதிரியைக் கோபப்படுத்தித் தடுமாற வைத்துக் கொல்வான். வேறு வேறு எழுத்தாளர்கள், வேறு வேறு உலகங்கள். இருவரும் ஒரு பக்கத்தில்கூடச் சந்தித்துக்கொள்ள வழியில்லை. அதனால் சண்டைக்கு முடிவும் இல்லை. ஒன்றரை வருடம் ஓடியது.

"எட்டு நாள் தண்ணியில்லாம பாலைவனத்துல நடந்து வந்து, வந்த வேகத்துல மூணு பேரை வெட்டினான், தெரியுமா?" என்பார் மெர்வ்.

"எட்டு நாளா! ரெண்டு நாள் லீவுல நீ நாலு கிலோ தண்ணியை உடம்புல ஏத்திக்கிட்டு வந்து நிக்கிற. உன் ஆளு எட்டு நாளாம்."

"அவன் கிட்னி வேற, என் கிட்னி வேற."

"சிஸ்டர், கிழவர் இன்னிக்கு எத்தனை கிலோன்னு கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க."

"என்னை இழுக்காதீங்க" என்று நான் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிடுவேன்.

கேட்பவர்களுக்குக் கொண்டாட்டமாகத் தோன்றலாம். மூன்றாவது மணி நேரத்தில் இருவருக்கும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். முகம் வெளுத்து, குரல் தேய்ந்துபோகும். மெர்வ் ஒரு பேச்சைத் தொடங்குவார், கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொள்ளும், நான் அழுத்திவிடுவேன், பத்து நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து அதே பேச்சை முடிப்பார். வூலாவும் அதுவரை காத்திருப்பாள். வீட்டுக்குப் போய் இருட்டும்வரை தூங்குவார்கள். மறுநாள் கொஞ்சம் தெம்பு வரும். அதற்கடுத்த நாள் மறுபடி ஊசி.

பிறகு மெர்வின் கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அடிலெய்டுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தார். மறுபடி அடைத்தது. அடுத்த கையில் ஆபரேஷன் செய்து புதிதாக ஒன்று அமைத்தார்கள். அதுவும் ஐந்து வாரம்தான் தாங்கியது. கடைசியில் கழுத்தில் குழாய் வைத்து ஓட்டினோம். அது இரண்டு தடவை சீழ் பிடித்தது.

ஒரு திங்கட்கிழமை எடை மிஷினிலிருந்து இறங்கியவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், எனக்குப் போதும்" என்றார்.

"குழாய் ரொம்ப வலிக்குதா?"

"குழாய் மட்டுமில்ல. இது எல்லாமே போதும்."

டாக்டர் இரண்டு தடவை உட்கார்ந்து பேசினார். டயாலிசிஸை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். மெர்வுக்கு அது தெரிந்தே இருந்தது. மகள் டாம்சின் பெர்த்திலிருந்து வந்தாள். வராந்தாவில் நின்று அழுதாள். அப்பாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு, சரி என்றாள். வெள்ளிக்கிழமை கடைசி என்று முடிவானது.

வூலாவிடம் புதன்கிழமை அவரே சொன்னார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க ஒரு பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மிஷினும் ஓடத் தொடங்கியதும் வூலா மெதுவாக ஆரம்பித்தாள்.

"மெர்வ், நேத்தெல்லாம் யோசிச்சேன். நீ சொன்னதுதான் சரி. ப்ரன்வெக்தான் ஜெயிப்பான்."

மெர்வ் தலையைத் திருப்பினார். இந்த அறையில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"இல்ல மெர்வ், நான்..."

"ஒன்றரை வருஷமா என் உயிரை எடுத்த. இன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா சண்டை போட முடியாதா உன்னால? சாகப்போறவன்னு பாத்துப் பேசாத. அதை மத்தவங்கெல்லாம் பண்றாங்க."

வூலாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஊசி இல்லாத கையால் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சரிடா கிழவா. நீயா கேட்டு வாங்கிக்கிற."

அப்புறம் அவள் ப்ரன்வெக்கை ஒரு வழி பண்ணிவிட்டாள். அவன் கால் கனத்தை, ஒரே மாதிரி வெட்டும் பழக்கத்தை, நாலாவது புத்தகத்தில் உடைந்த முட்டியை, ஒன்றையும் விடவில்லை. மெர்வும் சளைக்காமல் தடுத்தார். பதினோரு மணி வாக்கில் வூலா சொன்னாள்:

"உன் ஆளு பின்வாங்கமாட்டான், சரி. என் ஆளு கிட்டவே வரமாட்டான். சுத்திச் சுத்தி நடப்பான். மூணு நாள் நடப்பான். அத்தனை கனத்தைத் தூக்கிக்கிட்டு உன் ஆளு எவ்வளவு நேரம் நிப்பான்?"

"உக்காந்துடுவான்."

"என்னது?"

"உக்காருவான். வாளை மடியில வெச்சுக்கிட்டு, வேணும்னா வாடான்னு சொல்லுவான்."

வூலா அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"உக்காந்தா, என் ஆளு பின்னாடி போய்க் கழுத்தை அறுப்பான்."

"முதுகுப் பக்கமா? இஸ்மாரோவா?"

"கோபுரத்துல அந்த ராஜகுமாரனை எப்படிக் கொன்னான்? நீயும்தானே படிச்ச."

மெர்வ் கண்ணை மூடினார். தோள் குலுங்கியது. நான் பதறி ஓடினேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, அறுப்பான். அந்த நாய் செய்வான். தோத்துட்டேன் போ."

"தோத்துட்ட" என்றாள் வூலா.

மிஷினிலிருந்து அவரைத்தான் முதலில் கழற்றினேன். வூலாவுக்கு இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி, எழுந்திருக்க முடியாது. மெர்வ், கூட்டிப்போக வந்திருந்த டாம்சினின் தோளைப் பிடித்துக்கொண்டு வூலாவின் நாற்காலி வரை வந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் காலை ஒரு தட்டுத் தட்டினார்.

"வரேன், மீன்கடைக்காரி."

"போ, போ" என்றாள் அவள்.

ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டில் தூக்கத்திலேயே போனார். டாம்சின் போன் பண்ணிச் சொன்னாள். அதிகம் கஷ்டப்படவில்லை என்றாள்.

அந்த நாற்காலியில் இப்போது பக்கத்து ஊரான கவுலிலிருந்து ஒருத்தர் வருகிறார். நல்ல மனிதர். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் ஃபுட்டி, எங்கள் ஊர்க் கால்பந்து, பார்ப்பார். வூலா அவரிடம் ஒரு தடவை ஏதோ கேட்டாள், அவர் ஒரு காதைத் திறந்து, "என்னம்மா?" என்றார், அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. நாலு வருடம் ஆகலாம் என்கிறார்கள். இப்போதெல்லாம் மிஷின் ஓடத் தொடங்கியதும் போர்வையை மார்பு வரை இழுத்துத் தூங்கிவிடுகிறாள். ரத்த அழுத்தம் பார்க்க நான் எழுப்பும்போது, "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று கேட்பாள்.

"இல்ல. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"ம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாள்.