வெயிலுக்கு எல்லைக்கல் எங்கே?

வக்கீல் தொழிலில் மண்ணுக்குச் சண்டை வந்தால் பட்டாவும் பத்திரமும் காப்பாற்றும். வெயிலுக்குச் சண்டை வந்தால் வக்கீலைக் காப்பாற்ற ஆளில்லை. கொடைக்கானலில் கூரைமேல் சோலார் பலகை போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எப்போது மாடி எழுப்புவாரோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

கூடையில் வந்த சாட்சி

அட்டுவம்பட்டி வேலுத்தாயி அக்கா கோழிக்குஞ்சு பொரித்து விற்பவர். இந்தக் குளிரில் குஞ்சுகளுக்கு விடிய விடிய சூட்டு பல்பு எரிய வேண்டும். காற்றடித்தால் லைன் கரண்ட் போய்விடும் என்பதால் சோலாரை நம்பியிருந்தார். தெற்குப் பக்கத்துக் காட்டேஜ்காரர் தங்கராசு முறைப்படி அனுமதி வாங்கி இன்னொரு மாடி எழுப்பினார். பலகைமேல் நிழல் விழுந்தது, பேட்டரி ஏறவில்லை. செத்த குஞ்சுகளைக் கூடையோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தை இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்திருந்தால் உரிமை கேட்கலாம். சோலார் பலகையைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்றபடி அவரவர் மனைக்கு மேலுள்ள வானம் அவரவருக்கு. இதை எரிச்சலோடு சொன்னேன். அக்கா கேட்டார்: "அப்ப இருபது வருசம் குஞ்சுக குளுருல கெடந்து செத்தாத்தான் கோர்ட்டுக்குக் கண்ணு தெரியுமாங்க சார்?"

மேகம் இறங்கிய நாள்

சட்டம் கைகொடுக்காது என்று தெரிந்தும், அக்காவின் அந்தக் கேள்விக்காகவே வழக்குப் போட்டோம். நிழலை அளந்துவர கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பியது. அவரும் வக்கீல்தான், டேப்போடு வந்து இறங்கினார். கூடவே மேகமும் இறங்கிவிட்டது. நிழலை விடுங்கள், தங்கராசின் மாடியையே காணோம். டீ குடித்தோம், இன்னொரு டீ குடித்தோம், மேகம் அசையவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே கமிஷனர் சொன்னார்: "நிழல் இருந்தா அளந்திருவேன் சார். இல்லாததை எப்படிங்க அளக்குறது?"

பழனியைப் பார்த்த பலகை

அடுத்த முறை நல்ல வெயில். ஓர் இன்ஜினியரையும் அழைத்துப் போனோம். கூரையேறிய மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். நம் நாட்டில் பலகை தெற்கே பார்த்துச் சரிந்திருக்க வேண்டும். அக்காவுடையது வடக்கே, பழனியைப் பார்த்துச் சரிந்திருந்தது. அப்படித் திருப்பி மாட்டச் சொன்னதே அக்காதானாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கத்தினேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "முருகனுக்கு முதுகைக் காட்டி வாங்குற கரண்டுல குஞ்சு பொரிச்சா வெளங்குமா சார்?"

மாடிமேல் சமாதானம்

வழக்கு இழுத்தது. அடுத்த ஈடு முட்டைகளோ பொரிக்கும் தறுவாயில் இருந்தன. அப்போது தங்கராசே இறங்கிவந்து, பலகையைத் தன் மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடை விஷயம் கேள்விப்பட்ட அவர் மனைவி வீட்டில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாராம். திசைச் சிக்கலுக்கு இன்ஜினியர் வழி சொன்னார்: பலகையைப் படுக்கப் போட்டால் முதுகு தரைக்குத்தான், சாமிக்கு இல்லை. அக்கா சம்மதித்தார்.

அந்த மாடிக்கு மேலுள்ள வானத்தில் இனி எதுவும் எழும்பாது என்று ஒப்பந்தம் எழுதினேன். கையெழுத்துப் போடப்போன தங்கராசு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மாடி என்னுது, மேல இருக்க வானமும் என்னுதுன்னு அக்காகிட்ட நீங்களே சொன்னீங்களாமே சார்? அப்ப என் வெயில்ல பொரிக்கிற குஞ்சுல ஒரு சோடி எனக்கு உண்டுல்ல?"

நான் நடத்திய ஒரே வெயில் வழக்கில் சட்டமும் உதவவில்லை, தீர்ப்பும் வரவில்லை, அக்காவின் கொட்டகையில் கீச்சுக்கீச்சென்று சத்தம் மட்டும் கேட்கிறது.