மூக்காயி கரைத்த பால்

பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள் மூக்காயி. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பதும் தொட்டிலாட்டுவதும் அவள் வேலை. அவளுக்குத் தலைவலி என்றுகூட யாரும் கேள்விப்பட்டதில்லை. தன் துப்புரவில் அவளுக்குத் தனிப் பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் காம்பராப் பிள்ளைகள் சிலருக்கு நெருப்புக்காய்ச்சல் என்ற டைபாய்டு கண்டது. பேச்சியம்மாவின் மகள் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த வாரமே, பீலியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கையில் மூக்காயி சொன்னாள்:

“வீட்ட நாறப் போட்டா காய்ச்சல் வராம என்ன வரும்? அந்தப் புள்ளயாலதான் மத்ததுகளுக்கும் ஒட்டிக்கிச்சு.”

பேச்சியம்மா குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள். அதற்குப்பின் அவள் வீட்டில் யாரும் ஒரு வாய்த் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்த வருடமும் காய்ச்சல் வந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், குற்றமில்லை. கண்டியிலிருந்து வந்த டாக்டர் ராஜலிங்கம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பவர்களின் மலத்தையும் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்த பிறகு மூக்காயியைத் தனியே கூப்பிட்டார்.

“முந்தி உங்களுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்ததோ?”

“கல்யாணத்துக்கு முன்னால வந்துச்சுங்க. அப்புறம் ஒரு நோவும் இல்லீங்க.”

“ஓம், காய்ச்சல் மாறீட்டுது. ஆனா கிருமி உங்கட பித்தப்பையில தங்கீட்டுது. உங்களை ஒண்டும் செய்யாது. உங்கட கையால சாப்பிடுற பிள்ளையளுக்குத்தான் வரும்.”

மூக்காயி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“இது உங்கட பிழை இல்லை. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்” என்றார் டாக்டர்.

அந்த ஆறுதல் அவளிடம் ஒட்டவில்லை. நேரே பேச்சியம்மா வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே கால் வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சியம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“பால்ல கிருமி போனது ஒங்களுக்குத் தெரியாதுக்கா. ஆனா என்னையப் பேசுனது தெரிஞ்சுதானே பேசுனீங்க?”

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில், மூக்காயி எல்லார் முன்னாலும் நின்று, “காய்ச்சல் எங்கிட்ட இருந்துதான் வந்துச்சு. பேச்சி மேல பழி போட்டது நாந்தான்” என்றாள். சில தாய்மார் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் நகரவில்லை.

கண்டி பெரியாஸ்பத்திரியில் அவளது பித்தப்பையை எடுத்தார்கள். பிறகு பலமுறை சோதித்தும் கிருமி இல்லை. திரும்பக் காம்பராவுக்கு வரச் சொன்னது நிர்வாகம். மூக்காயி மறுத்துக் கொழுந்துக்கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பேச்சியம்மா பக்கத்து நிரையில்தான் நின்றாள். மழை வந்தால் இருவரும் ஒரே மரத்தடியில் ஒதுங்குவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. லயத்து வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்கள் சமையலுக்கு மூக்காயியையும் கூப்பிடுவார்கள். அவள் விறகை மட்டும் பிளந்து வெளியே அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.