இடது பின்கால் அரை விரல் குட்டை

என் தங்கையின் ஓரகத்தி மகளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நான் முதலில் கேட்ட பெயர் ‘நொட்டை’. தங்கை வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தோம். “நொட்டை வருது, எல்லாரும் நேரா நில்லுங்க” என்றான் தங்கை மகன். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “சித்தி, வலது பக்கம் நாலு விரல் இறங்கியிருக்கு” என்றாள். இறங்கித்தான் இருந்தது.

இந்த வாயை வைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள், பழைய மேசை நாற்காலி விற்கிற கடை. சாமானைப் போட்டோ எடுத்து, இரண்டு வரி எழுதி, ஆன்லைனில் விளம்பரம் போட வேண்டும். கடையில் ஒரு வழக்கம் உண்டு. உடைசல் பக்கத்தைச் சுவரோடு தள்ளிவிட்டு, பளபளக்கிற பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். ‘புத்தம் புதுசு மாதிரி’ என்று போடுவார்கள். போன சாமானில் பாதி, போன வண்டியிலேயே திரும்பி வரும்.

நொட்டை எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாள். கீறல் மேல் விரல் வைத்துப் போட்டோ எடுத்தாள். ‘மேல் டிராயர் இழுத்தால் வரும், தள்ளினால் போகாது.’ ‘இந்த நிலைக்கண்ணாடியில் முகம் கொஞ்சம் அகலமாகத் தெரியும்.’ ‘துணி அலமாரி. இடது பின்கால் அரை விரல் குட்டை.’

கடைக்காரர் குதித்தார். “ஏம்மா, கடையை நடத்தச் சொன்னா கவுத்துருவ போலிருக்கே!”

“மறைச்சா திரும்பி வருது சார்.”

“சொன்னா போகவே போகாதே! சனிக்கிழமைக்குள்ள அந்த அலமாரி போகலைன்னா நீ திங்கட்கிழமை வர வேண்டாம்.”

அவள் அப்பா இடுப்பு முறிந்து படுத்திருந்த சமயம் அது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். “நாலு நாள் வாயை மூடிட்டு இருக்கக்கூடாதாடி?” என்று அழுதாள் அவள் அம்மா.

“வாயை மூடிட்டுத்தாம்மா இருக்கேன். கையாலதானே எழுதுறேன்.”

சின்னச் சாமான்கள் நாலைந்து போயின. அலமாரியை ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு டீச்சரம்மா போன் செய்தார்.

“நிஜமாவே இடது பின்காலா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“தரையில படுத்தே பார்த்துட்டேன் மேடம். அதேதான்.”

“அப்பாடா! எங்க வீட்டு மூலையில தரை அந்த இடத்துலதான் மேடு. எதை வச்சாலும் ஆடுது. உடனே அனுப்புங்க.”

அலமாரி போய் நின்றது, ஆடாமல்.

“ஏதோ குருட்டாம்போக்குல போயிருச்சு” என்றார் கடைக்காரர், விட்டுக்கொடுக்காமல்.

வண்டிக்காரர் குறுக்கே வந்தார். “அது ஒண்ணுதான் குருட்டாம்போக்கு முதலாளி. மத்ததெல்லாம்? இந்த வாரம் கொண்டுபோய்ப் போட்ட எதையும் நான் திரும்பத் தூக்கிட்டு வரல. நம்பலைன்னா என் முதுகைக் கேளுங்க.”

கடைக்காரர் எழுந்து போய், சுவரோரம் கிடந்த சோபாவைத் தானே இழுத்துத் திருப்பினார். பின்னால் முழம் நீளத்துக்குக் கிழிசல். “அடேயப்பா, இது இத்தனை நாளா இங்கயா இருந்துச்சு?” என்றவர், அவளைக் கூப்பிட்டார். “இந்தா, இதையும் எடுத்துப் போடு. விரலை வை, நல்லாத் தெரியட்டும்.”

அந்தக் கடைக்கு இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு கிளை இருக்கிறது. நொட்டை அங்கே பொறுப்பாளராக இருக்கிறாள்.