மூன்று அமாவாசை

போன செவ்வாய்க்கிழமை காலை முத்தியால்பேட்டையில் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சைக்கிளில் வந்து, ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார், மாரடைப்பு என்றார். பிறந்தது அந்த வீட்டின் எட்டாவது பிள்ளை. அதன் தகப்பனைத் தேடி மூன்று முறை வந்து வாசலோடு திரும்பிப் போனவர் அண்ணன். செய்தி கேட்ட அந்த ஆள், நல்ல மனுஷர்தான், அந்தப் பேச்சு மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் அன்ஃபிர்மியே, அதாவது ஆண் நர்ஸ். நான் பிரசவ வார்டு மருத்துவச்சி. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை கருத்தடை பற்றி வாய் திறக்க முடியாது. அவர்கள் போன பிறகுதான் ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தது. ஊருக்கு உபதேசம் செய்யும் முன் அண்ணன் மதராசுக்கு ரயிலேறிப் போய்த் தானே செய்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஊர் அவருக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. மார்க்கெட்டில் அவர் மனைவி பிலோமினா அக்காவின் காதுபடவே பேசினார்கள். வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "உசுரோட இருந்துதானே கேக்கறேன் தங்கச்சி" என்றார் அக்கா. நான்காவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவர் அவர்.

"புள்ளைக்குப் பொறுப்பு ரெண்டு பேரு. சாவறதுக்கு மட்டும் ஒருத்தியா?" என்று அண்ணன் ஆண்களிடம் கேட்பார்.

தேங்காய்த்திட்டு அஞ்சலையை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தப்பினவள். இன்னொன்று வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவன் கோவிந்தன் மீன்பிடிக்கிறவர். அண்ணன் ஆறு மாதம் நடையாய் நடந்து அவரைச் சம்மதிக்க வைத்தார். ஆபரேஷன் முடிந்தாலும் வித்து உடம்பில் கொஞ்ச காலம் மிச்சமிருக்கும், மூன்று மாதம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த ஊரில் மாதத்தைத் தேதியில் எண்ண மாட்டார்கள். அமாவாசைக்கு வலை இறங்காது, அதுதான் அவர்கள் கணக்கு. அவர்கள் வழக்கப்படி சொன்னால் மறக்காது என்று அண்ணன், "மூணு அமாவாசை போவட்டும்ப்பா" என்றார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

ஆபரேஷனுக்கு மறுநாளே அமாவாசை. அது எங்கள் இருவர் புத்தியிலும் படவில்லை. கோவிந்தன் அதையும் சேர்த்து எண்ணினார். இரண்டு மாதத்திலேயே அவருக்கு மூன்று அமாவாசை முடிந்துவிட்டது.

அஞ்சலை உண்டானாள். ஆபரேஷன் செய்துகொண்டவன் பெண்டாட்டிக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்டது. கோவிந்தனுக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அண்ணன் ஊர்க்கூட்டத்தில் போய் நின்றார். "தப்பு என்னுது. தேதி வச்சு சொல்லியிருக்கணும், சொல்லல. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். தன் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று சிரித்தார்களாம். அஞ்சலையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஏழாம் மாதத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண் செருகும் நேரத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு நம்பிட்டாராண்ணே?" என்று கேட்டாள். நம்பிவிட்டார் என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தாயும் பிள்ளையும் என் கையிலேயே போனார்கள்.

அதன் பிறகு அண்ணன் எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு தேதிக் காலண்டரை வைத்திருப்பார். ஆபரேஷனுக்கு ஒருவர் சம்மதித்தால், மூன்று மாதம் முடியும் தேதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டுவார். முதல் வருஷம் நான்கைந்து வட்டம் இருந்தது. அப்புறம் குறைந்துகொண்டே போனது. தேங்காய்த்திட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அஞ்சலை கதை தெரிந்த எந்த ஊரிலிருந்தும் வரவில்லை. பிரசவ வார்டில் மட்டும் கட்டில் போதவில்லை.

அடக்கம் முடிந்ததும் பிலோமினா அக்கா இந்த வருஷத்துக் காலண்டரை என்னிடம் கொடுத்தார். மூலை மடங்கி, வியர்வை பட்டு அழுக்கேறியிருந்தது. மாதம் மாதமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன் என்று தெரியவில்லை.

அன்று நானும் தலையாட்டினேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊர்க்கூட்டத்துக்கு அவர் கிளம்பியபோது, எனக்கு வார்டில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டேன். பிள்ளைக்குப் பொறுப்பு இரண்டு பேர் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், இந்த ஒரு தப்பை மட்டும் தனியாகச் சுமந்துவிட்டுப் போய்விட்டார். அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன்: அந்தத் தப்பு இரண்டு பேருடையது. இதைச் சொல்ல எனக்கு அவர் சாக வேண்டியிருந்தது.